4,999 ரூபாயா, 5,000 ரூபாயா? சின்னத் திருட்டு கேஸில் சிக்கினால்

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு புடவை, பர்மா பஜாரில் ஒரு செல்போன், கொருக்குப்பேட்டை ரயில்வே யார்டு ஓரத்தில் ஒரு மூட்டை இரும்பு. ஊர் பேச்சில் மூன்றுமே சில்லறைத் திருட்டுதான். கோர்ட்டுக்குப் போனால் மூன்றும் வேறு வேறு பாதையில் போகும். ஒன்று சமூக சேவையோடு முடியலாம். இன்னொன்று புழல் சிறை வரை இழுக்கும். மூன்றாவதில் குறைந்தபட்சம் ஓராண்டு சிறை என்று சட்டமே சொல்கிறது. பையனை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனதும் வீட்டுக்காரர்கள் பதறிக்கொண்டு “கேஸ் போட்டுட்டாங்களா சார்?” என்றுதான் கேட்கிறார்கள். கேட்க வேண்டியது வேறு: எந்தப் பிரிவு, பொருளுக்கு எவ்வளவு மதிப்பு போட்டிருக்கிறார்கள்? வழக்கின் முக்கால்வாசி இந்த இரண்டு பதிலில் அடங்கிவிடும்.

2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. அதற்கு முந்தைய சம்பவம் என்றால் இன்றும் பழைய 379-தான் ஓடும். புதிய சட்டத்தில் திருட்டுக்குப் பிரிவு 303(2). தண்டனை மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். இதே பிரிவில் இரண்டாம் முறை தண்டனை பெற்றால் குறைந்தது ஓராண்டு, அதிகபட்சம் ஐந்து ஆண்டு கடுங்காவல். இதற்குக் கீழே ஒரு வரம்புரை சேர்த்திருக்கிறார்கள். பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவாக இருந்து, முதல் முறை தண்டனை பெறுபவராக இருந்து, பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால், தண்டனை சமூக சேவை மட்டும். கூலியில்லாமல், பொதுமக்களுக்குப் பயன்படும்படி கோர்ட் சொல்லும் வேலை.

தண்டனை குறைவதோடு இது நிற்கவில்லை. நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் முதல் அட்டவணையைப் பார்த்தால், சாதாரணத் திருட்டு பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம், ஜாமீன் உரிமையாகக் கிடைக்காத குற்றம். 5,000-க்குக் குறைந்த திருட்டோ அப்படியே தலைகீழ். பிடியாணை இல்லாமல் கைது கிடையாது, ஜாமீன் உரிமையாகவே கிடைக்கும். பிரிவு 174-இன்படி போலீஸ் தகவலைப் பதிவேட்டில் குறித்துக்கொண்டு புகார்தாரரை மாஜிஸ்திரேட்டிடம் அனுப்ப வேண்டும். மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் புலன்விசாரணையே செய்யக் கூடாது. வரம்பு “5,000-க்குக் குறைவு” என்பதால் சரியாக 5,000 ரூபாய் என்று எழுதினாலும் சலுகை போய்விடும். 4,800 ரூபாய்ப் பொருள் தாளில் 5,500 ஆவது ஏன் என்று இப்போது புரிந்திருக்கும்.

மதிப்பை எப்படி உடைப்பது? துணிக்கடை என்றால் டேக்கில் இருக்கும் விலையை எழுதுகிறார்கள், தள்ளுபடி போக பில் போடும் விலையை எழுதுவதில்லை. ஆடித் தள்ளுபடி நடக்கும் மாதத்தில் இந்த வித்தியாசம் ஆயிரக்கணக்கில் வரும். அதே பொருளுக்கு அதே வாரத்தில் போட்ட பில் ஒன்று கிடைத்தால் எடுத்து வையுங்கள். கடையின் ஆன்லைன் விலைப்பக்கத்தைத் தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். செல்போனில் இன்னும் சுலபம். மூன்று வருடம் ஓடிய போனுக்குப் புதுப் போன் விலையைப் போட்டிருப்பார்கள். அந்த மாடல், அந்த வருடம், பழைய போன் சந்தையில் என்ன விலை என்று காட்டினாலே மாஜிஸ்திரேட் நிமிர்ந்து பார்ப்பார். பல பொருள் இருந்தால் மகஜரில் (பொருளைக் கைப்பற்றும்போது போலீஸ் எழுதும் ஆவணத்தில்) ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மதிப்பு இருக்கிறதா, மொத்தமாக ஒரு தொகையைத் தூக்கிப் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். மொத்தத் தொகை என்றால் எழுதியவரிடம் கணக்கு இல்லை என்று அர்த்தம்.

இனி பிரிவு. 303 இருக்க வேண்டிய இடத்தில் 305 ஏறிவிடுவதுதான் நம் பக்கம் அதிகம் கவனிக்கப்படாத ஆபத்து. குடியிருக்கும் கட்டடத்திலோ பொருளைப் பாதுகாத்து வைக்கும் கட்டடத்திலோ நடந்த திருட்டு, ஆட்களையோ சரக்கையோ ஏற்றும் வண்டியிலிருந்து எடுத்தது, அரசு சொத்தையோ உள்ளாட்சி சொத்தையோ எடுத்தது, கோயில் சிலை, எல்லாம் 305-க்குள் வரும். தண்டனை ஏழு ஆண்டு வரை. 5,000 ரூபாய்ச் சலுகை இதற்குக் கிடையாது. கைது செய்யலாம், ஜாமீன் உரிமை இல்லை, கடைக்காரரோடு சமரசமாகிக் கோர்ட்டிலேயே முடித்துக்கொள்ளவும் வழியில்லை. 300 ரூபாய் உள்ளாடை பாக்கெட்டுக்குக்கூட, “கடை என்பது பொருளைப் பாதுகாக்கும் கட்டடம்” என்று சொல்லி 305 போட முடியும்.

இதை எதிர்த்துப் பேச இடமிருக்கிறது. பிளாட்பாரக் கடை கட்டடமே இல்லை. கடைக்கு வெளியே, நடைபாதையில் தொங்கவிட்ட சட்டையை எடுத்ததும் கட்டடத்துக்குள் நடந்ததல்ல. சம்பவ இட வரைபடத்தில், போலீஸ்காரர்கள் ‘ரஃப் ஸ்கெட்ச்’ என்பார்களே அதில், பொருள் இருந்த இடம் எங்கே குறிக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். பாதி நேரம் அவர்களே வாசலுக்கு வெளியே புள்ளி வைத்திருப்பார்கள். மாநகரப் பேருந்தில் பிக்பாக்கெட் என்றால், பயணியின் பையிலிருந்து எடுத்ததை வண்டியிலிருந்து எடுத்ததாகச் சொல்ல முடியுமா என்று வாதிடலாம். வெல்லுமா என்பது அந்த நீதிபதியைப் பொறுத்தது. ஆனால் வாதத்தை வைக்காமல் விட்டால் ஏழு ஆண்டுப் பிரிவிலேயே வழக்கு உறைந்துவிடும்.

கையிலிருந்து திடீரென்றோ பலவந்தமாகவோ பறித்துக்கொண்டு ஓடியது என்றால் 304, பறிப்பு. மூன்று ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு, 5,000 கணக்கு இதற்கும் செல்லாது. புகாரில் “கத்தியைக் காட்டி” என்று இரண்டு வார்த்தை சேர்ந்தால் கொள்ளைப் பிரிவுக்குத் தாவிவிடும். முதலில் கொடுத்த புகாரில் கத்தி இருந்ததா, பிறகு முளைத்ததா என்று ஒப்பிட்டுப் பார்ப்பது வக்கீலின் முதல் வேலை.

கடையில் பிடித்து வைத்தால்

செக்யூரிட்டி கையைப் பிடித்து மாடிக்கோ குடோனுக்கோ கூட்டிப்போவது வழக்கம். போலீஸ் அல்லாத தனி ஆளும் கைது செய்யும் அதிகாரம் நடைமுறைச் சட்டம் பிரிவு 40-இல் இருக்கிறது. ஆனால் அது தன் கண்ணெதிரே நடந்த, ஜாமீன் உரிமையில்லாத, போலீஸ் நேரடியாகக் கைது செய்யக்கூடிய குற்றத்துக்கு மட்டும். அப்படிப் பிடித்தாலும் ஆறு மணி நேரத்துக்குள் போலீஸிடம் ஒப்படைக்க வேண்டும். 5,000-க்குக் குறைந்த சாதாரணத் திருட்டு இந்த வரையறைக்குள்ளேயே வராது. உடம்பைத் தடவிச் சோதிக்கக் கடை ஆட்களுக்கு உரிமை இல்லை. பெண்ணை இன்னொரு பெண் செக்யூரிட்டி சோதித்தாலும் இதே கதைதான். அடைத்து வைத்தால் நியாய சன்ஹிதா 127(2), அடித்தால் தனிப் பிரிவு, “பத்து மடங்கு கட்டு, இல்லன்னா போலீஸ்” என்று பயமுறுத்திப் பணம் பிடுங்கினால் மிரட்டிப் பறித்தல். போட்டோ எடுத்துக் கடை வாசலில் ஒட்டினால் அவதூறு.

நடைமுறை யோசனை: அங்கே சண்டை போட வேண்டாம், எதிலும் கையெழுத்தும் வேண்டாம். “மன்னிப்புக் கடிதம்” என்று எழுதி வாங்குவார்கள். போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது. ஆனால் கடை மேனேஜர் போலீஸ் இல்லையே. அவரிடம் எழுதிக் கொடுத்தது சாட்சியமாக வரலாம். இது தெரியாமல் “எழுதிக் கொடுத்துட்டா விட்டுடுவாங்க” என்று எழுதிக் கொடுத்து, பிறகு அந்தத் தாளை வக்கீலாலும் கழற்ற முடியாமல் போகிறது. பில் போடாமல் பொருளை வைத்துக்கொண்டு நிற்கிறீர்கள் என்றால் “பில் போடுங்க, கட்டுறேன்” என்று சத்தமாக, கேமரா பார்க்கும் இடத்தில் சொல்லுங்கள். நேர்மையற்ற எண்ணம் இருந்ததா என்பதுதான் திருட்டின் உயிர்நாடி. பில்லிங் கவுன்ட்டரைத் தாண்டாத நிலையில் பிடித்தார்களா, தாண்டிய பிறகா என்பது பெரிய வித்தியாசம்.

ஸ்டேஷனில்

“சும்மா விசாரணைக்கு வா” என்று போனில் கூப்பிடுவது சட்டப்படியான அழைப்பு ஆகாது. கைது தேவையில்லாத நேரத்தில் நடைமுறைச் சட்டம் பிரிவு 35(3)-இன்படி எழுத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அதை வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் சொல்லியிருக்கிறது. நோட்டீஸ் வந்தால் கட்டாயம் போங்கள். போய் ஒத்துழைக்கும் வரை, காரணத்தை எழுதி வைக்காமல் கைது செய்ய முடியாது. போகாமல் இருப்பதுதான் கைதுக்கு நாமே போட்டுக் கொடுக்கும் பாதை. சாட்சியாக விசாரிக்க வேண்டும் என்று சொன்னால், பெண்கள், 15 வயதுக்குக் குறைந்தவர், 60 வயதுக்கு மேற்பட்டவர் ஸ்டேஷனுக்குப் போகத் தேவையில்லை. வீட்டுக்கு வந்துதான் கேட்க வேண்டும். பெண்ணைச் சூரியன் மறைந்த பிறகு, விதிவிலக்கான நிலையும் மாஜிஸ்திரேட் முன்அனுமதியும் இல்லாமல் கைது செய்யக் கூடாது.

கைது என்றால் கைதுக் குறிப்பாணை எழுத வேண்டும். வீட்டார் ஒருவரோ அந்தப் பகுதி ஆள் ஒருவரோ அதில் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். நேரத்தைக் கவனியுங்கள். காலை ஒன்பதுக்குக் கூட்டிப்போய்விட்டு, மாலை ஆறுக்கு “பேசின் பிரிட்ஜ் அருகே சந்தேகப்படும்படி நின்றவரை” பிடித்ததாக எழுதுவது அறுதப் பழசு. 24 மணி நேரக் கணக்கு உண்மையில் பிடித்த நேரத்திலிருந்து ஓட வேண்டும். அதனால் ஆளைக் கூட்டிப்போன உடனே கமிஷனர் அலுவலகத்துக்கும் அந்தப் பகுதி துணை கமிஷனருக்கும் ஒரு மின்னஞ்சலோ தந்தி பாணியில் நாலு வரி ஸ்பீட் போஸ்ட்டோ அனுப்பிவிடுங்கள். இன்னார், இன்ன தெருவில், இத்தனை மணிக்கு, இன்ன ஸ்டேஷன் ஆட்கள் கூட்டிப்போனார்கள். அவ்வளவு போதும். அதில் விழும் நேரமுத்திரைதான் பிற்பாடு பேசும். தெருமுனைக் கடையின் கேமராப் பதிவையும் அன்றைக்கே கேட்டு வாங்குங்கள், பல கடைகளில் சில நாளில் பழைய பதிவு தானாக அழிந்துவிடும். ஸ்டேஷன் கேமராப் பதிவைப் பாதுகாக்கச் சொல்லி எழுத்தில் கேட்கவும் உரிமை உண்டு, 2020-இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு அதற்கு ஆதாரம்.

இதையெல்லாம் மிகையான எச்சரிக்கை என்று நினைப்பவர்களுக்கு ஒரு நினைவூட்டல். நகை காணவில்லை என்ற புகாரில் விசாரிக்கக் கூட்டிப்போன மடப்புரம் கோயில் காவலாளி போலீஸ் காவலில் இறந்தது 2025 ஜூன் மாதம்.

விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்க உரிமை உண்டு, முழு நேரமும் பக்கத்தில் உட்கார வைக்க முடியாது. விரல் ரேகை எடுப்பதைக் கைதானவர் மறுக்க முடியாது.

அடுத்து மகஜர். “எதிரி தானாக முன்வந்து கொடுத்த வாக்குமூலத்தின் பேரில், அவர் ஆஜர்படுத்திய செல்போனை, சாட்சிகள் முன்னிலையில் மாலை 6.30 மணிக்குக் கைப்பற்றி…” என்று ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். பாரதிய சாட்சிய சட்டம் பிரிவு 23-இன்படி போலீஸிடம் சொன்ன ஒப்புதல் செல்லாது, ஆனால் அதன் மூலம் பொருள் கண்டுபிடிக்கப்பட்டால் அந்தப் பகுதி மட்டும் செல்லும். மொத்த வழக்கும் பெரும்பாலும் இந்த ஒற்றை ஆணியில்தான் தொங்கும். ஆகவே ஆணியை ஆட்டிப் பாருங்கள். பொருள் ஏற்கெனவே போலீஸுக்குத் தெரிந்த இடத்தில் இருந்ததா? அப்படியானால் அது கண்டுபிடிப்பே கிடையாது. மகஜர் சாட்சிகள் இருவரும் எந்த ஊர்? தண்டையார்பேட்டையில் கைப்பற்றியதற்கு ஆவடிக்காரர் சாட்சி என்றால் அவர் அங்கே எதற்கு வந்தார் என்று கேட்க வேண்டும். அதே ஆள் அந்த ஸ்டேஷனின் வேறு வழக்குகளிலும் சாட்சியா? ஐ.எம்.இ.ஐ. எண் (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்) எழுதியிருக்கிறதா, வெறும் “கறுப்பு நிற செல்போன் 1” என்று இருக்கிறதா? நடைமுறைச் சட்டம் பிரிவு 105-இன்படி சோதனையையும் கைப்பற்றுதலையும் வீடியோ எடுத்துத் தாமதமில்லாமல் மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்ப வேண்டும், அந்த வீடியோ எங்கே? பொருளைக் கோர்ட்டுக்கு அனுப்பும் படிவம் 95-இல் கோர்ட் முத்திரை என்ன தேதியில் விழுந்திருக்கிறது? ஒருநாள் கைப்பற்றி இருபது நாள் கழித்துக் கோர்ட்டுக்குப் போயிருந்தால், நடுவில் அது எங்கே இருந்தது என்ற கேள்விக்குப் பதில் வேண்டும்.

ரிமாண்டும் ஜாமீனும்

ஜார்ஜ் டவுன் கோர்ட், எழும்பூர் கோர்ட், திருவொற்றியூர் கோர்ட். எந்த ஸ்டேஷன் எல்லை என்பதைப் பொறுத்து இவற்றில் ஒன்றின் மாஜிஸ்திரேட் முன் நிறுத்துவார்கள். காவலில் வைக்க அவர் போடும் உத்தரவுதான் ரிமாண்ட். ஞாயிற்றுக்கிழமையானால் மாஜிஸ்திரேட் வீட்டிலேயே நிறுத்தலாம். அந்த இரண்டு நிமிடம் முக்கியம். “அடிச்சாங்களா?” என்று மாஜிஸ்திரேட் கேட்பார். அடித்திருந்தால் அப்போதே, எங்கே என்று காட்டிச் சொல்ல வேண்டும். பயந்து “இல்லைங்கய்யா” என்று சொல்லிவிட்டுப் பிறகு மனுப் போட்டால் எடுபடாது. ரிமாண்டுக்கு முன் ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் எழுதும் விபத்துப் பதிவேட்டின் நகலைக் கேட்டு வாங்குங்கள். அங்கே டாக்டரிடமும் வாயைத் திறக்க வேண்டும்.

மதிப்பு 5,000-க்குக் குறைவாக இருந்து 303(2) மட்டும் போட்டிருந்தால், “பிடியாணை இல்லாத இந்தக் கைதே தவறு, ரிமாண்ட் வேண்டாம்” என்பதுதான் முதல் வாதம். ஜாமீன் மனு இரண்டாவது. வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் இலவச சட்ட உதவி எண் 15100-க்குப் போன் செய்யலாம், உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கும் போகலாம். காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பே கிடையாது, இலவச வக்கீல் உரிமை. இலவச வக்கீல் என்றால் ஒப்புக்கு நிற்பார் என்ற நினைப்பு பரவலாக உண்டு. ரிமாண்ட் நேரத்தில் யாருமே நிற்காததைவிட அது ஆயிரம் மடங்கு மேல்.

ஜாமீன் கிடைத்தும் வெளியே வர முடியாமல் கிடப்பவர்கள் அதிகம். இரண்டு ஜாமீன்தாரர் கேட்பார்கள், ஒருவர் ரத்த உறவாக இருக்க வேண்டும் என்பார்கள். ஆதார், ரேஷன் கார்டு, வீட்டு வரி ரசீது அல்லது சம்பளச் சான்று, போட்டோ எல்லாம் மூலப்பிரதியோடு வேண்டும். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு வீட்டு வரி ரசீதில்தான் சிக்கும். வீட்டுக்காரரைக் கெஞ்சுவதற்குப் பதில், ஜாமீன் நிபந்தனையைத் தளர்த்தச் சொல்லி மனுப் போடலாம். ஜாமீன் உரிமையுள்ள குற்றத்தில் ஒரு வாரத்துக்குள் ஜாமீன்தாரர் கொடுக்க முடியவில்லையென்றால் அவரை ஏழை என்று கருதிச் சொந்தப் பிணையில் விட வேண்டும் என்று நடைமுறைச் சட்டம் பிரிவு 478 சொல்கிறது. மற்றக் குற்றங்களிலும் ஜாமீன் கொடுத்து ஏழு நாளாகியும் வெளியே வராவிட்டால் சிறைக் கண்காணிப்பாளர் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2023-இல் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவு. சாதாரணத் திருட்டில் 60 நாளுக்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் தானாக வரும் உரிமை. தானாக என்றாலும் மனுப் போட்டுக் கேட்க வேண்டும். 61-ஆம் நாள் காலையிலேயே கேளுங்கள், அவர்கள் தாக்கல் செய்துவிட்டால் உரிமை போச்சு.

தினமும் காலை 10.30-க்கு ஸ்டேஷனில் கையெழுத்து என்று நிபந்தனை வரும். காசிமேட்டில் விசைப்படகில் போகிறவருக்கு அது பிழைப்பையே கெடுக்கும். சில வாரம் ஒழுங்காகப் போட்டுவிட்டு, வேலைச் சான்றோடு நிபந்தனைத் தளர்வு மனுப் போடுவதுதான் வழி. சொல்லாமல் நிறுத்தினால் ஜாமீன் ரத்தாகும்.

எதிர்வாதம் எதில் நிற்கும், எதில் நிற்காது

“சும்மா ஓட்டிட்டுத் திருப்பி வைக்கலாம்னு எடுத்தேன்” என்பது நிற்காது. தற்காலிகமாக எடுப்பதும் திருட்டே. ஜோத்பூர் விமானப்படை அகாடமிப் பயிற்சி மாணவர் ஒருவர் 1952-இல் பயிற்சி விமானத்தை அனுமதியில்லாமல் கிளப்பிக்கொண்டு பாகிஸ்தானில் போய் இறங்கியதைத் திருட்டு என்றுதான் 1957-இல் உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. விமானத்துக்கே அப்படி என்றால் பைக்குக்குச் சொல்ல வேண்டாம்.

“கீழே கிடந்தது, எடுத்தேன்” என்பதில் கவனம் வேண்டும். திருட்டிலிருந்து தப்பினாலும், சொந்தக்காரரைத் தேடாமல் வைத்துக்கொண்டால் கையாடல் பிரிவு 314 இருக்கிறது, அதில் குறைந்தபட்சமே ஆறு மாதச் சிறை. கண்டெடுத்த போனை ஆன் செய்து வைத்திருந்தீர்களா, வந்த அழைப்பை எடுத்தீர்களா, சிம்மைக் கழற்றிப் போட்டீர்களா என்பதுதான் கேள்வி.

பழைய போன் வாங்கி மாட்டியவர்களின் நிலை வேறு. திருட்டுப் பொருள் திருடு போன கையோடு ஒருவரிடம் இருந்தால் அவரே திருடியவர் அல்லது தெரிந்தே வாங்கியவர் என்று கோர்ட் அனுமானிக்கலாம், அவர் கணக்குச் சொல்லாத வரை. கணக்கு என்றால் விற்றவரின் பெயர், ஜி.பே. செய்த பதிவு, பில். ரொக்கம் கொடுத்து, பில் இல்லாமல், சந்தை விலையில் கால்வாசிக்கு வாங்கியிருந்தால் “தெரியாது” என்று சொல்வது கஷ்டம். ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ பர்மா பஜாரிலோ பழைய போன் வாங்குமுன் கே.ஒய்.எம். என்று ஆங்கிலத்தில் அடித்து, இடம் விட்டு ஐ.எம்.இ.ஐ. எண்ணை 14422-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்புங்கள். வரும் பதிலை அழிக்காதீர்கள், அது உங்கள் நல்லெண்ணத்துக்குச் சாட்சி.

பொருள் தன்னுடையது என்ற நேர்மையான நம்பிக்கை நல்ல எதிர்வாதம். சம்பளப் பாக்கிக்காக முதலாளியின் பொருளைத் தூக்கி வருவது அந்தக் கணக்கில் சேராது என்பதோடு, வேலையாள் திருட்டு என்று 306-இல் ஏழு ஆண்டு வரை போகும்.

கேமராப் பதிவுதான் ஆதாரம் என்றால் சாட்சிய சட்டம் 63(4)-இன் சான்றிதழ் இருக்கிறதா என்று பாருங்கள். அதில் இரண்டு பகுதி. கருவியைப் பொறுப்பில் வைத்திருந்தவர் ஒன்று, நிபுணர் ஒன்று கொடுக்க வேண்டும், பதிவு மாற்றப்படவில்லை என்று காட்டும் ஹாஷ் எண்ணும் வேண்டும். கடைக்காரர் செல்போனில் மானிட்டரைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியதை வைத்து வழக்கு நடத்தினால் அது தாங்காது. அடையாள அணிவகுப்புக்கு முன் சாட்சியிடம் போட்டோ காட்டியிருந்தால் அணிவகுப்பின் மதிப்பு அங்கேயே போய்விடும். அதனால் கோர்ட்டுக்குக் கூட்டி வரும்போது முகத்தை மூடச் சொல்லிக் கேட்பதில் வெட்கப்பட எதுவுமில்லை.

முடிக்கும் வழிகள்

“ஒப்புக்கிட்டு ஃபைன் கட்டிட்டுப் போயிடலாம்பா, எதுக்கு அலையிற?” கோர்ட் வராந்தாவில் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கேட்கும் யோசனை. என் கணக்கில் இருப்பதிலேயே விலை கூடிய வழி இதுதான். அபராதம் கட்டினால் அது தண்டனைப் பதிவு. அடுத்த முறை 5,000 ரூபாய்ச் சலுகை இல்லை, குறைந்தது ஓராண்டு சிறை. இரண்டு மூன்று ஆனால் பழங்குற்றவாளிப் பட்டியல், நன்னடத்தைப் பத்திரம், அதற்கும் மேல் 1982-ஆம் ஆண்டின் குண்டர் சட்டம் வரை போகும்.

அதற்கு முன் பார்க்க வேண்டியது சமரசம். 303(2) வழக்கைப் பொருளின் சொந்தக்காரர் நடைமுறைச் சட்டம் பிரிவு 359-இன்படி சமரசம் செய்துகொள்ளலாம், பதிவானால் விடுதலைக்குச் சமம். பணத்தைக் கொடுத்துவிட்டு, கடைக்காரர் “வாபஸ் வாங்கிட்டேன்” என்று ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தால் முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். முடியாது. எஃப்.ஐ.ஆர். ஆன பிறகு கோர்ட்டில், அவர் நேரில் வந்து, கூட்டு மனுவாகப் பதிய வேண்டும். இல்லாவிட்டால் பணமும் போய் வழக்கும் நிற்கும். 305 என்றால் உயர் நீதிமன்றத்தில் அதே நடைமுறைச் சட்டத்தின் 528-இன் கீழ் ரத்து கேட்பதுதான் மிச்சம்.

சமரசம் நடக்காவிட்டால் 1958-ஆம் ஆண்டின் நன்னடத்தைக் குற்றவாளிகள் சட்டம் இருக்கிறது. முதல் குற்றம் என்றால் பிரிவு 3-இல் கண்டித்து அனுப்பலாம், 4-இல் பத்திரம் எழுதி வாங்கி விடலாம். 21 வயதுக்குக் கீழ் என்றால் சிறைக்கு அனுப்பக் கோர்ட் தனியாகக் காரணம் எழுத வேண்டும். இதன் பெரிய பலன் பிரிவு 12. தண்டனையால் வரும் தகுதியிழப்பு ஒட்டாது. சமூக சேவையைவிட இது நல்லதா என்று கேட்டால், அரசு வேலைக் கனவு இருக்கும் பையனுக்கு ஆம் என்பேன். சீருடைப் பணியாளர் தேர்வு எழுதுபவர்கள் இன்னும் ஒரு படி கவனமாக இருக்க வேண்டும். சந்தேகத்தின் பலனில் விடுதலையானவரையும் வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே தமிழ்நாடு போலீஸ் பணி விதி 14(பி) பார்க்கிறது. வழக்கை மறைத்து விண்ணப்பித்தால் அதற்காகவே நீக்குவார்கள்.

20,000 ரூபாய்க்கு மேற்படாத திருட்டைச் சுருக்க விசாரணையில் நடத்துவார்கள், அதில் மூன்று மாதத்துக்கு மேல் சிறை கொடுக்க முடியாது. விரைவாகப் போகும், அதனால் குறுக்கு விசாரணைக்கு முதல் வாய்தாவிலேயே தயாராக இருக்க வேண்டும். வழக்கு வழக்கமான விசாரணையில் போனால், ஆவண நகல்கள் கைக்கு வந்த 60 நாளுக்குள், விசாரணைக்கு முன்பே வழக்கிலிருந்து விடுவிக்கச் சொல்லும் விடுவிப்பு மனுப் போடலாம். தேதியைக் குறித்து வையுங்கள்.

18 வயது ஆகாதவர் என்றால் மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. லாக்கப்பில் வைக்கக் கூடாது, விலங்கு போடக் கூடாது, கெல்லீஸில் உள்ள இளைஞர் நீதிக் குழுமத்துக்குத்தான் போக வேண்டும். வயதைப் போலீஸ் “சுமார் 19” என்று எழுதுவது வாடிக்கை. பிறப்புச் சான்றிதழையோ பள்ளி மாற்றுச் சான்றையோ எடுத்துக்கொண்டு அன்றைக்கே ஓடுங்கள்.

ரயில்வே இரும்பு

வியாசர்பாடி, பேசின் பிரிட்ஜ், கொருக்குப்பேட்டைப் பக்கம் தண்டவாள ஓரம் கிடக்கும் கிளிப், போல்ட், ஒயர் பொறுக்கிக் காயலான் கடையில் போடுவது திருட்டு வழக்காகவே வராது. 1966-ஆம் ஆண்டின் ரயில்வே சொத்துச் சட்டத்தில் ரயில்வே பாதுகாப்புப் படை (ஆர்.பி.எஃப்.) வழக்குப் போடும். முதல் குற்றத்துக்கே ஐந்து ஆண்டு வரை, தனிக் காரணம் எழுதாமல் ஓராண்டுக்குக் கீழே குறைக்க முடியாது. 200 ரூபாய் இரும்பானாலும் மதிப்புக் கணக்கு இல்லை. இன்னொரு கண்ணி: ஆர்.பி.எஃப். அதிகாரி இந்த விஷயத்தில் போலீஸ் அதிகாரியாகக் கருதப்பட மாட்டார், அவரிடம் எழுதிக் கொடுத்த ஒப்புதல் கோர்ட்டில் செல்லும். அவர்களிடம் மட்டும் வக்கீல் வராமல் ஒரு எழுத்தும் எழுத வேண்டாம். காயலான் கடைக்காரருக்கும் இதே சட்டம்தான். வாங்கும்போதே விற்றவரின் ஆதார் நகலும் எடைச்சீட்டும் வைத்திருந்தால் அவருக்குச் சொல்ல ஏதாவது இருக்கும்.

வாய்தா

ஒரு வாய்தா தவறினால் பிடிவாரண்ட். வர முடியாத நாளில் வக்கீல் மூலம் நடைமுறைச் சட்டம் 355-இன்படி, வராததை மன்னிக்கச் சொல்லி மனுப் போட வேண்டும், பழைய பழக்கத்தில் எல்லோரும் இன்னும் ‘317 பெட்டிஷன்’ என்றுதான் சொல்கிறார்கள். வாரண்ட் விழுந்துவிட்டால் ஓடி ஒளியாமல் சீக்கிரமே தானாகப் போய் ரத்து செய்யச் சொல்லி மனுக் கொடுப்பது நல்லது, ரோந்தில் பிடித்து வந்தால் புழல்தான். வழக்குக்குக் கொடுக்கும் 16 இலக்கத் தனி அடையாள எண்ணை (சி.என்.ஆர்.) வாங்கி ஈ-கோர்ட்ஸ் செயலியில் போட்டு வைத்தால் அடுத்த தேதியை நாமே பார்க்கலாம், குமாஸ்தாவைக் கெஞ்ச வேண்டாம். வழக்கு முடிந்த நாளிலேயே தீர்ப்பின் சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பித்து, கிடைத்ததும் ஒரு பிரதியை ஸ்டேஷனில் கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட் சரிபார்ப்புக்கு ஆள் வரும்போது அங்கே பழைய எஃப்.ஐ.ஆர். எண் மட்டும்தான் திரையில் தெரியும்.